ஆளுக்கு ஒரு தையல்

கிழக்கு வெளுப்பதற்குள் தையலக்கா முப்பது மூட்டைக்கு வாய் தைத்துவிட்டாள். பார்க்கச் சின்ன மூட்டைதான், சிமெண்டு மூட்டையில் பாதிகூட இராது. தூக்கிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவன் "இவ்வளவுதானா!" என்று ஒரு கையால் இழுப்பான். மூட்டை அசையாது, அவன் இடுப்புதான் பிசகும். அப்புறம் ஒரு வாரம் குனிய முடியாமல் நடப்பான்.

கடற்கரையிலிருந்து லாரி லாரியாகக் கறுப்பு மணல் வரும். அதைக் கழுவி, நெருப்பின் மேல் சுழலும் பெரிய இரும்பு உருளையில் வறுத்து, காந்தத்தின் மேல் ஓடவிடுவார்கள். கறுப்பு ஒரு பக்கம் ஒதுங்கும், சிவப்பு ஒரு பக்கம் ஒதுங்கும். கடைசியில் தேன் நிறத்தில் ஒரு மணல் சரசரவென்று விழும். தொழிலாளிகள் அதை 'மஞ்சள்' என்பார்கள். கம்பெனிக்காரர்களின் உயிர் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. அதற்குள்தான் தோரியம், கூடவே கொஞ்சம் யுரேனியம். ஆயிரத்து நானூறு கோடி வருஷம் ஆனாலும் பாதிதான் தீரும் என்று சொல்கிற பொருள் அந்தத் தோரியம். மனுஷன் அதற்குள் எத்தனை தலைமுறை தீர்ந்துபோவான் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

மஞ்சள் சூடாகவே சாக்கில் விழும். வாயாடி என்று பெயர் வாங்கிய இளம்பெண் சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்வாள், தையலக்கா கோணூசியால் தைப்பாள். சணல் நூலின் நுனி பிரிந்துகொண்டால் ஊசிக் காதுக்குள் போகாது. அதை வாயில் வைத்து எச்சில் பண்ணித்தான் கோக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை. ஒவ்வொரு முறையும் நாக்கில் நறநறவென்று மணல் கடிபடும். துப்பிவிட்டு அடுத்த மூட்டை. தூசி இழுக்கிற ஃபேன் தலைக்கு மேலே சும்மா தொங்கியது. "ஃபேன் இழுத்துட்டுப் போற தூசியும் சரக்குதான்" என்று மேனேஜர் அதை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அந்த மகராசன் மிச்சம் பிடித்த தூசி இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் இந்தக் கதை.

அது தையலக்காவின் புருஷன் நெஞ்சுக்குள் இருந்தது. உருளையில் மணல் வறுப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் வறுவல்காரர். இரண்டு மாசத்துக்கு முன்னால் உருளைக்கு முன்னாலேயே இருமி இருமி ரத்தம் கக்கிச் சரிந்தார். நாலு பேர் பலகையில் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "நுரையீரல்ல கட்டிம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இந்த வேலையால வந்த நோய்னு கம்பெனி ஒரு கடிதம் குடுத்தாத்தான் அங்க படுக்கை கிடைக்கும். சீக்கிரம் வாங்கிட்டு வா, நாள் அதிகமில்ல" என்றார் டாக்டர். அந்தக் கடிதத்துக்காகத் தையலக்கா நடந்த நடையில் செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்தது. இன்றைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லி மேனேஜரே ஆள் அனுப்பியிருந்தார்.

"நல்ல சேதியாத்தான் இருக்கும்க்கா" என்றாள் வாயாடி.

"உன் வாக்கு என்னிக்காவது ஒரு நாள் பலிக்கட்டும்டி" என்று சொல்லிவிட்டு, புடவையை உதறிக்கொண்டு தையலக்கா போனாள்.

மேனேஜர் அறையில் குளிர் இயந்திரம் ஓடியது. அவள் நாற்காலியில் கை வைத்ததுமே அவர் பதறினார்.

"உக்காராத, உக்காராத! உன் மேல தூசி. சேர்ல ஒட்டும்."

ஓகோ, தூசி ஒட்டினால் கெடுதல் என்று இவருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நின்றாள். சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே சின்னச் சின்ன வெல்வெட்டுத் திண்டுகளின் மேல் சாமான்கள். நுனியில் சிவப்புச் சாயம் பூசிய வெல்டிங் குச்சி, மஞ்சள் பாரித்த ஒரு கேமரா லென்ஸ், உலோகம் உருக்கும் வெள்ளை மூசை, குழந்தைக் காலுறை அளவில் பின்னலாக ஒரு வெள்ளைத் துணி. தைக்கிறவள் கண் அந்தப் பின்னலில்தான் போய் நின்றது. அதைப் பார்த்துவிட்டு மேனேஜருக்கு உற்சாகம் பிறந்தது. பார்வையாளர்களுக்குச் சொல்லிப் பழகிய பாடமாயிற்றே!

"அது வாயு விளக்குக்கு மாட்டற மேண்டில். தோரியத்துல ஊறப்போட்டது. முதல் தடவை பத்த வச்சதும் துணி எரிஞ்சு போயிடும். மிஞ்சற சாம்பல் கூடுதான் அப்படி வெளிச்சம் தரும். இரும்பு தண்ணியா ஓடற சூட்டுலயும் அது உருகாது, தெரியுமா?"

"தொட்டா என்னாகும் சார்?"

"உதிர்ந்துடும். அதான் தொடக்கூடாது." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "நாளைக்கு இந்தத் தோரியத்துலதான் கரண்ட் எடுக்கப் போறாங்க. எவ்வளவு பெரிய காரியம்! அதுல நீயும் ஒரு ஆளு. பெருமைப்படணும்."

"பெருமையெல்லாம் இருக்கட்டும் சார். கடிதம்…"

மேனேஜர் ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் பிரித்தார்.

"மஞ்சள்ல கதிர் வருது. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதுல முக்காவாசி சுத்த சோப்ளாங்கி. ஒரு தாளைக் குறுக்க காட்டினா நின்னுடும். தோலைக்கூடத் தாண்டாது."

"தோலுக்கு வெளிய நின்னா சரி சார். மூச்சோட உள்ள போயிடுச்சே. அங்க போய் எந்தத் தாளை ஒட்டறது?"

அவருக்கு முகம் சுருங்கியது.

"உள்ள போச்சுன்னு உனக்கு யார் சொன்னா? பேட்ஜ் சொல்லலியே! இதோ பார், ஆறு வருஷம். ஒவ்வொரு மாசமும் அளந்து எழுதியிருக்கு. கதிர் இல்லை, இல்லை, இல்லை. போன மாசத்துக்கு முந்தின மாசம் இல்லை. போன மாசமும் இல்லை. உன் புருஷனைவிடச் சுத்தமான ஆளு இந்தக் கம்பெனியிலயே கிடையாது."

தையலக்காவுக்குச் சைக்கிள் கொட்டகை ஆணிதான் நினைவுக்கு வந்தது.

சங்கதி இதுதான். மாசம் பிறந்ததும் வாசலில் வாட்ச்மேன் அந்த மாச முத்திரை போட்ட பேட்ஜை ஆளுக்கொன்றாகக் கொடுப்பான். உள்ளே ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும், எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவு அதில் பதியும். மாசக் கடைசியில் அளக்க அனுப்பிவிட்டுப் புதிது தருவார்கள். அளவு வரம்பைத் தாண்டினால் அந்த ஆளுக்கு 'ஓய்வு'. எவ்வளவு அழகான வார்த்தை! மூன்று மாசம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடப்பதற்கு அந்தக் கம்பெனியில் ஓய்வு என்று பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்று பேருக்கு ஓய்வு கிடைத்தது. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஒருவன் ஊரைவிட்டே போனான், மூன்றாமவன் கயிற்றில் தொங்கினான். அந்த வாரமே மேஸ்திரி வந்து காதோடு காதாகச் சொன்னார்: "பேட்ஜை சைக்கிள் கொட்டகையில மாட்டிட்டு உள்ள போங்க. உங்க வயித்துக்காகத்தான் சொல்றேன்." மறுநாளே கொட்டகைத் தூணெல்லாம் ஆணி. ஆளுக்கொரு ஆணி. வறுவல்காரர் மறதிக்காரர், சட்டையில் குத்தியபடியே உள்ளே போய்விடுவார். தையலக்காதான் தினமும் பின்னாலேயே ஓடி, சட்டையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டுவாள். "என்னைவிட என் பேட்ஜுக்குத்தான் நல்ல காத்து கிடைக்குது" என்று அவர் சிரிப்பார். தன் கையாலேயே அவரை அவள் சுத்தமான ஆளாக்கி வைத்திருந்தாள்.

"அந்த பேட்ஜ் அவர் மேல இல்ல சார்" என்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தவர் போல இருந்தது.

"அப்ப எங்க இருந்துச்சு? சொல்லேன், எழுதிக்கறேன். பேட்ஜைக் கழட்டறது குற்றம், வேலை போகும். நீ மட்டுமா கழட்டின? இன்னும் யாரு யாரு? ஒவ்வொரு பேரா சொல்லு."

அவர் ஒரு தாளை நகர்த்தினார்.

"இந்தா. புகை பிடிச்சதால வந்த நோய்னு எழுதியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டுடு. உன் வேலையாவது மிஞ்சும்."

"அவர் புகை பிடிச்சதே இல்ல சார்."

"இனிமே பிடிச்சார்னு வச்சுக்கோ. நாளைக்குக் காலையில கையெழுத்தோட வா. போ, மூட்டை நிக்குது."

சாப்பாட்டு வேளையில் எல்லாரும் சைக்கிள் கொட்டகையில்தான் உட்காருவார்கள். தையலக்கா தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல நாற்பது பேரின் மெல்லும் சத்தமும் அடங்கிப் போயிற்று.

"எல்லாருமா போய், கொட்டகையிலதான் மாட்டினோம்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டாள். "ஒருத்தர் சொன்னா ஒருத்தர் வேலை போகும். நாப்பது பேரும் சொன்னா?"

காந்த மெஷின் ஓட்டுகிற நெட்டை எழுந்தான். வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை அவனுக்கு.

"நாப்பது பேருக்கும் போகும். ஏங்க்கா, கேக்கறேன்னு கோவிச்சுக்காத. அண்ணன் பிழைக்கப் போறதில்ல. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போற உசுருக்காக எங்க வீட்டு அடுப்பையும் அணைக்கச் சொல்றியா?"

"அட நாசமாப் போறவனே!" என்று வாயாடி கத்தினாள். "அன்னிக்கு நீ மயங்கி விழுந்தப்ப உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஓடினது யாருடா? அந்தப் போற உசுருதான்!"

"தூக்கினார். அதுக்காக எல்லாரும் சேர்ந்து சாகணுமா?"

யாரும் அவனை மறுத்துப் பேசவில்லை. அதுதான் தையலக்காவுக்கு வலித்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள். தோளில் ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தால் அவருடைய ஆணி. அதில் அவருடைய பேட்ஜ். ரத்தம் கக்கிய அன்றைக்குக் காலையில் அவள் மாட்டினாளே, அதே பேட்ஜ். நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், யாருக்கு இதன் ஞாபகம் இருந்தது? சிலந்தி அதைத் தூணோடு சேர்த்து வலை பின்னி வைத்திருந்தது.

"வாயாடி, இதுல என்ன மாசம் முத்திரை போட்டிருக்கு, படி."

வாயாடி வலையைத் துடைத்துவிட்டுப் படித்தாள். இரண்டு மாசத்துக்கு முந்தைய முத்திரை.

"அப்படின்னா இது அளக்கவே போகல" என்றாள் தையலக்கா மெதுவாக. "அன்னிக்கு மாட்டினதுலேர்ந்து இங்கயேதான் தொங்குது. ஆனா முந்தின மாசம் இல்லை, போன மாசம் இல்லைன்னு அவர் என் மூஞ்சிக்கு நேரா படிச்சாரே! எதைப் பார்த்துப் படிச்சாரு? வேலைக்கே வராத மனுஷனுக்கு எதை அளந்தாங்க?"

எல்லார் கண்ணும் தூணில் தொங்கிய தங்கள் பேட்ஜுக்குப் போனது.

"அளக்கறதே இல்ல" என்றார் மூலையிலிருந்து லாரியில் மணல் தள்ளுகிற கிழவர். "உக்காந்த இடத்துலயே எழுதறானுங்க. நாமதான் பைத்தியக்காரங்களாட்டம் ஆறு வருஷமா ஆணியில மாட்டிட்டுத் திரியறோம்."

நெட்டை நின்ற இடத்திலேயே நின்றான். அவன் உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப… அந்த மூணு பேருக்கு ஓய்வு குடுத்தாங்களே. அளவு தாண்டிடுச்சுன்னு."

ஊரைவிட்டுப் போனவன் நெட்டையின் சொந்த அண்ணன். போனவன் ஒரு வரிகூட எழுதவில்லை. 'எல்லாம் அவன் கவனமில்லாததால வந்தது' என்று ஆறு வருஷமாக நெட்டை அண்ணனைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஃபேனை நிறுத்தின அடுத்த வருஷம் 'திரும்பப் போடுங்க'ன்னு மனு எழுதினாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று தையலக்கா கேட்டாள். "கையெழுத்துப் போட்டது எத்தனை பேரு?"

"மூணு பேரு" என்றான் நெட்டை. "எங்கண்ணன் கையெழுத்துதான் முதல்ல."

அப்புறம் அவன் கீழே உட்கார்ந்து, மண்ணில் கையை அறைந்து அறைந்து அழுதான். ஆறடி ஆள் அப்படி அழுததை அந்தக் கொட்டகை பார்த்ததில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து தையலக்கா வீட்டுக்குப் போனபோது வறுவல்காரர் சுவரில் முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இப்போதெல்லாம் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அடக்கி வைத்தது உடைந்தது.

"நான்தானே தினமும் உங்க சட்டையிலேர்ந்து கழட்டினேன். என் கையாலதானே…"

"அட கழுதை" என்றார் அவர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். "அது சட்டையில இருந்திருந்தாலும் அவன் 'இல்லை'ன்னுதான் எழுதியிருப்பான். நீ ஃபேனையா நிறுத்தின? அழாத." அப்புறம் கேட்டார்: "பேட்ஜ் பத்திரமா?"

"இடுப்புல செருகி வச்சிருக்கேன்."

"அவன் கையில சிக்கினா மாத்திடுவான். மூட்டைக்கு வாய் தைக்கறவதானே நீ? தைச்சு வை."

மறுநாள் விடியும்போது உருளை சுழலவில்லை. நெருப்பு மூட்டுகிறவன், மணல் கழுவுகிறவன், மூட்டை சுமக்கிறவன் எல்லாரும் சைக்கிள் கொட்டகையில் நின்றார்கள். தூண்களில் ஆணி மட்டும் இருந்தது. பேட்ஜ் ஒன்றும் இல்லை, எல்லாம் அவரவர் நெஞ்சில் இருந்தது.

தையலக்கா சாக்குத் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பை வெட்டி, வறுவல்காரரின் பேட்ஜை அதில் போட்டாள். நகரத்தில் இதை அளக்கிற அரசாங்க அலுவலகம் ஒன்று இருக்கிறது. பையை யாரும் பிரிக்காமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்; அளக்காத பேட்ஜுக்குக் கம்பெனி கணக்கு எழுதியதற்கு அதுதான் சாட்சி. வாயை அவளே தைத்திருக்கலாம், அரை நிமிஷ வேலை. அவள் தைக்கவில்லை.

"ஆளுக்கு ஒரு தையல். அவங்கவங்க கையால. போட்டவங்க இந்தத் தாள்ல, எங்க பேட்ஜும் இந்தக் கொட்டகையிலதான் தொங்கிச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட மனசில்லாதவங்க போகலாம், யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மிச்சப் பேர் நின்றார்கள். முதல் தையலை நெட்டை போட்டான். அவன் விரலுக்குள் கோணூசி தீக்குச்சி மாதிரி இருந்தது. மணல் தள்ளுகிற கிழவர் கண் தெரியாமல் தன் கட்டை விரலையே குத்திக்கொண்டார். "ரத்தமும் சாட்சிக்கு இருக்கட்டும்" என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நடுவில் நூல் நுனி பிரிந்துகொண்டது. பழக்கதோஷம், தையலக்கா அதை வாய்க்குக் கொண்டு போனாள்.

"வாயில வைக்காத!" என்று கொட்டகையே கத்தியது. வாயாடி ஓடிப்போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து நூலை அதில் நனைத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டே தையலக்கா நூலைக் கோத்தாள்.

உருளைச் சத்தம் கேட்காததால் மேனேஜர் மேஸ்திரியையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"என்ன கூத்து இது? லாரி நிக்குது, உருளை நிக்குது! இந்தாம்மா, கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன் சார். வேற தாள்ல."

அவர் கண் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தது. முத்திரை, மாசம், பதிவேடு எல்லாம் அவர் முகத்தில் ஒரு சுற்று ஓடின.

"அது கம்பெனி சொத்து. குடு இங்க."

"குடுக்கறேன் சார். போன மாசம் இதை எப்ப அளந்தீங்க, யாரு அளந்தாங்க, அதை மட்டும் இவங்க முன்னால சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நானே பிரிச்சுத் தரேன்."

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்தார்.

"பேட்ஜைக் கழட்டினதா எல்லாருமே ஒத்துக்கறீங்களா? அப்ப எல்லாருக்கும் ஓய்வு! இன்னியிலேர்ந்து! ஒருத்தன் உள்ள வரக்கூடாது!"

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றான் நெட்டை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி மூணு பேரா எடுத்துக்கிட்டோம், தாங்கல. இந்தத் தடவை எல்லாருமா எடுத்துக்கறோம். ஃபேன் ஓடற அன்னிக்கு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் உருளையை நீங்க சுத்துங்க. பயப்படாதீங்க, ஒரு தாளைக் குறுக்க காட்டினா நின்னுடுமாம்."

மேனேஜர் என்னென்னவோ கத்தினார். போலீஸ் என்றார், புது ஆள் என்றார். புது ஆள் வருவான், வராமல் போக மாட்டான், அது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அரிசிப் பானை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதும் தெரியும். நகரத்து அலுவலகத்தில் இருப்பவர்கள் எந்த லட்சணத்தில் இருப்பார்களோ, அது மட்டும் தெரியாது. ஆனாலும் தையல் போட்டவர்களில் ஒருவரும் உள்ளே போகவில்லை. வாசலுக்குக் குறுக்கே வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு போன இரண்டு பேரில் ஒருவன், வெறும் உருளைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வரிசைக் கடைசியில் உட்கார்ந்தான்.

பையோடு நகரத்துப் பஸ்ஸுக்குப் போகும் வழியில், தையலக்காவைப் பின்னால் உட்காரவைத்து மிதித்த நெட்டை சைக்கிளை அவள் வீட்டுப் பக்கம் திருப்பினான். பையில் ஒரு தையலுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். வறுவல்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவர் முன்னால் குந்தினான்.

"நேத்து நான் பேசினது…"

"பேசினது சரிதான்டா. போற உசுருதான்" என்றார் அவர். "ஊசியைக் குடு, போறதுக்குள்ள."

தையலக்கா நூலைத் தண்ணீரில் நனைத்துக் கோத்துக் கொடுத்தாள். அவர் கை கிடுகிடுவென்று ஆடியது. அவள் பிடிக்கப் போனாள், அவர் விடவில்லை. ஊசி ஒரு பக்கம் நுழைந்து வேறெங்கோ வெளியே வந்தது. இழுத்து முடிச்சுப் போடுவதற்குள் இரண்டு தடவை இருமினார்.

"கோணலாப் போச்சே" என்றார்.

தையலக்கா முடிச்சைப் பல்லால் கடித்துப் பழகியவள், இந்த முறை விரலாலேயே இறுக்கி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "பிரியாது."